எந்தப் பதினேழு?

"அழைத்தவர் தவறு." மாவட்ட ஆபீஸ் காகிதத்தில் இருந்தது இந்த இரண்டே வார்த்தைதான். எனக்கு வாசிக்கத் தெரியாது. மைலோ ஹ்ருஸ்காதான் எனக்கு வாசித்துக் காட்டினான். ஆம்புலன்ஸை அழைத்தவன் அவன், செத்தவள் அவன் பெண்டாட்டி, என் தங்கை லிட்கா. அந்த இரண்டு வார்த்தையை எடுக்க வைக்க அவனுக்கு மூன்று வருஷம் ஆனது. நான் சொல்கிறபடியே எழுது. பாலீஷ் போடாதே.

இருபது வயதில் மாநில ரோட்டு வேலைக்குச் சேர்ந்தான் மைலோ. ஓடைப் பாலத்திலிருந்து எங்கள் பண்ணை தாண்டி டவுன் வரைக்கும், பதினேழு என்று ரோட்டு நம்பர் போட்ட கம்பங்களை நடுவதுதான் அவனுடைய முதல் வேலை. எங்கள் வாசலுக்கு எதிரே ஒரே ஒரு கம்பத்தை மூன்று நாள் நட்டான்.

"என்னப்பா, கம்பம் நடுறியா, கிணறு வெட்டுறியா?" என்று எங்கப்பா கேட்டார்.

"மண்ணு ரொம்பக் கெட்டிங்க" என்றான்.

எங்கள் மண்ணில் விரலை வைத்தால் முழங்கை வரை இறங்கும். லிட்கா மூன்று நாளும் அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோனாள். நாலாம் நாள் எங்கப்பாவே போய் மண்ணை மிதித்துக் கம்பத்தை நிறுத்திவிட்டு வந்தார்.

அந்த ரோடு முதலில் ஓடைக்கரையோடு போயிற்றாம். வெள்ளம் வந்து வந்து அறுத்ததால், எங்கப்பா காலத்தில் வயல் வரப்புகளோடு மேட்டுக்கு ஏற்றினார்கள். யார் நிலத்தையும் குறுக்கே வெட்டாமல், ஒவ்வொரு வரப்பு முனையிலும் திரும்பித் திரும்பிப் போகும். பதினொரு திருப்பம். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு வீடோ, பள்ளிக்கூடமோ, கோயிலோ இருக்கும். அறுபத்தொன்பதில் யாரோ ஒரு எஞ்சினியர் மேப்பில் ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்தார். அதன் மேலேயே புது ரோடு போட்டு, பதினேழு என்ற நம்பர் எங்களை விட்டு ஒன்றரை மைல் வடக்கே போய்விட்டது. ஏனென்று கேட்டால், டவுனுக்குப் போக ஏழு நிமிஷம் மிச்சமாம். ஏழு நிமிஷம்! அதை வைத்து என்னதான் செய்தார்களோ!

எங்கள் ரோட்டை மாவட்டத்தின் தலையில் கட்டினார்கள். தார் பெயர்ந்து சரளையானது. ரோட்டோரம் இருந்த காபிக் கடை மூடிப்போயிற்று. கம்பங்களைப் பிடுங்கும் வேலையை யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? மைலோவிடமே. எல்லாவற்றையும் பிடுங்கினான். எங்கள் வாசல் கம்பத்தை மட்டும் தன் தொழுவத்தில் போட்டு வைத்தான்.

நம்பர் போனதே தவிர, பேர் போகவில்லை. எங்களுக்குப் பதினேழு என்றால் இந்தச் சரளை ரோடுதான். அந்தப் புதுசு வெறும் 'வடக்கு ரோடு'. பாதிரியார், பால் வண்டிக்காரர், கல்யாணப் பத்திரிகை, எல்லோருக்கும் அப்படித்தான்.

தொண்ணூற்று நாலு ஆகஸ்டில், ஒரு மத்தியானம், ப்ளம் பழம் காய்ச்சிக்கொண்டிருந்த லிட்கா அடுப்படியிலேயே விழுந்தாள். நான் பக்கத்தில் ஜாடி கழுவிக்கொண்டிருந்தேன். மைலோ போனை எடுத்து என் காதுபடச் சொன்னான்: "பதினேழுல, ஓடைப் பாலத்துக்குக் கிழக்கே மூணு மைலு, வடக்குப் பக்கம் வெள்ளை வீடு." இதைவிடத் தெளிவாக யார் சொல்வார்கள்? ஆனால் புது ரோட்டுக்கும் அதே ஓடையில் ஒரு பாலம் உண்டு. ஆம்புலன்ஸ் அங்கே போய், மூன்று மைல் கிழக்கே, வடக்குப் பக்கம் வெறும் சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டு மேலும் கீழும் ஓடியது. சைரன் சத்தம் எங்களுக்குக் கேட்டது. நாற்பது நிமிஷம் கேட்டது. லிட்காவுக்கும் கேட்டிருக்கும்.

அவள் செத்த பிறகுதான், ஆம்புலன்ஸ் ஏன் பிந்தியது என்று அந்தக் காகிதம் வந்தது. மைலோ அதை நம்பவே ஆரம்பித்துவிட்டான்.

"நான்தானே ஆல்பினா கம்பத்தையெல்லாம் புடுங்கினேன். எனக்குத் தெரியாதா எது பதினேழுன்னு?"

"வாயை மூடு. ஊரே அப்படித்தான் சொல்லுது."

"ஊரு போன் பண்ணல. நான் பண்ணினேன்."

அன்றிலிருந்து அவன் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. அவள் விழுந்த அடுப்புப் பக்கம் நின்றுகொண்டே சாப்பிடுவான். அதைப் பார்க்கச் சகிக்காமல், "போய்க் கேளு, அழிக்கச் சொல்லு" என்று நான்தான் பிடித்துத் தள்ளினேன். மாதாமாதம் முதல் செவ்வாய், மாவட்டக் கூட்டத்துக்குப் போனான். தலைவர் வெர்லின் ஸ்ட்ரவுட், எங்களுக்கு மூன்று பண்ணை தள்ளி இருப்பவர். சின்ன வயசில் மைலோவோடு சேர்ந்து எலி பிடித்தவர்.

"மைலோ, சட்டப்படி பதினேழுன்னா வடக்கு ரோடு. நான் என்ன பண்ண?" இதே பாட்டுதான் மூன்று வருஷமும். நடுவில் எல்லா ரோட்டுக்கும் பேர் வைக்கிறோம் என்று கிளம்பி, எங்களுடையதற்கு 'வானம்பாடிச் சாலை' என்று வைத்தார்கள். வானம்பாடியாம்! அந்தப் பேரைச் சொல்லி எங்களை ஒரு குருவிகூடக் கண்டுபிடிக்காது.

மூன்றாவது வருஷம் மார்ச் மாதக் கூட்டம். நானும் போயிருந்தேன். பனி உருகி ரோடெல்லாம் சேறு. எங்கே சரளை கொட்டுவது என்று பேச்சு. வெர்லின் பேப்பரைக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"மொதல்ல பதினேழுல கொட்டுங்கப்பா. ஹ்ருஸ்கா வீட்டுக்கு முன்னால ஒரு டிராக்டரே முங்கிடும்."

மைலோ எழுந்தான். கத்தவில்லை.

"எந்தப் பதினேழு, வெர்லின்?"

பின்வரிசையில் ஒருத்தர் களுக்கென்று சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். வெர்லினின் காது சிவந்தது. கூட்டக் குறிப்பு எழுதுகிற பெண் பேனாவைத் தூக்கிக்கொண்டு, "தலைவரே, நான் எதை எழுதட்டும்?" என்றாள்.

"எழுதும்மா" என்றார் வெர்லின். "தவறு அழைச்சவரோடது இல்லைன்னு எழுது."

புதுக் காகிதம் தபாலில் வந்தது. அவன் சமையலறையில் வைத்து மைலோ வாசித்தான். 'அழைத்தவர் தவறு' இல்லை. அந்த இடத்தில் 'முகவரிக் குழப்பம்' என்று போட்டிருந்தார்கள்.

"குழப்பமா? வானத்திலேர்ந்து விழுந்துச்சா அது? யாரு குழப்பினாங்கன்னு போடலியா?" என்றேன்.

"போதும் ஆல்பினா. சூப் ஆறுது" என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

அவனுக்குப் போதும். எனக்குப் போதாது. தொழுவத்துக் கம்பத்தை அவன் வாசலில், அவன் வேலிக்கு உள்ளே, நானே நின்று நடவைத்தேன். எழுத்து தெரியாவிட்டாலும் அந்த ஒன்றும் ஏழும் எனக்குத் தெரியும். இந்தத் தடவை மண்ணை மிதித்து நிறுத்தியது நான்.