பொறி வைத்த சுரம்

ஜம்புநாதனைப் போல ஒரு சந்தேகப் பிராணியை ஹைதராபாத் மல்காஜ்கிரி முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. ரயில்வே கணக்குப் பிரிவில் எனக்குப் பக்கத்து நாற்காலி. வீட்டில் மெட்டுப் போடுவார். ஒருமுறை அவர் மெட்டை ஏதோ நகைக்கடை விளம்பரத்துக்குச் சுட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து மனிதர் உஷார். கம்ப்யூட்டரில் நோட்டேஷனாக எழுதி, ஹெட்போனில் மட்டுமே கேட்பார். பதிப்புரிமை பதிந்த பிறகுதான் சொந்தச் செலவில் அச்சடிப்பார்.

அச்சுக்குப் போகும் தாளில் வேண்டுமென்றே ஒரு தப்பான சுரத்தையும் நுழைத்துவிடுவார். திருடுகிறவன் அந்தத் தப்போடுதான் திருடுவான், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்பது அவர் கணக்கு. எனக்குச் சிரிப்பாக வரும்.

போன ஞாயிறு நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, புது மெட்டு ஒன்றைப் பதிப்புரிமைக்குப் பதிய உட்கார்ந்தார். "இந்த மாதிரி எனக்கு வந்ததே இல்லைய்யா. இதாவது என் பேர்ல நிக்கணும்" என்றார். என் கண்ணெதிரே தப்புச் சுரத்தைச் சேர்த்து, ஹெட்போனை என் காதில் மாட்டினார். தாலாட்டு போலிருந்தது. பாதியில் அந்தச் சுரம் சோற்றுக் கல்லாக நெருடியது.

அப்போது வீட்டின் சொந்தக்காரப் பெண் ரஞ்சனா, குழாய் ஒழுகுவதைப் பார்க்க வந்தாள். அவள் அம்மா வாழ்ந்து இறந்த வீடு அது. அதன்பிறகுதான் இவர் குடிவந்தார். சமையலறையில் குழாயைத் திருகியபடியே அவள் ஏதோ முனகினாள். அதே மெட்டு. பாதியில் அதே தப்பு.

ஜம்புநாதன் வெளிறிப்போனார். "இதை எங்கே கேட்டீங்கம்மா?"

"கைக்கு சார், எதுக்குக் கேக்கறீங்க? எங்கம்மா பாடித் தூங்கவைப்பாங்க. அவங்களே கட்டினது, வெளில யாருக்கும் தெரியாது. அந்த இடத்துல அவங்களுக்கு மூச்சு வாங்கும், குரல் எறங்கிடும். எனக்கும் அப்படியே வந்துடுச்சு."

அவள் போனதும் பதிவை நிறுத்திவிட்டார். "சொந்தப் படைப்புன்னு எப்படிய்யா கையெழுத்துப் போடறது?" என்றார். பார்க்கவே பாவமாக இருந்தது.

ஆனாலும் மனிதர் விடவில்லை. அந்த வீட்டில் எழுதவே வேண்டாமென்று, ஆபீஸ் சாப்பாட்டு வேளையில் வேறொரு மெட்டு எழுதினார். துள்ளலான மெட்டு. இது என்னுடையதேதான் என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று, நடந்ததையெல்லாம் சொல்லி மெட்டை ரஞ்சனாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பி, கேட்டதுண்டா என்று விசாரித்தார்.

பதில் அவள் குரலிலேயே வந்தது. நானும் கேட்டேன்.

"ஹவ் சார், ஆமா, இது அம்மா தம்பிக்குப் பாடறது. இன்னொண்ணும் இருக்கு. அம்மா போனப்புறம் அது எனக்கு மறந்தே போச்சு, எவ்ளோ யோசிச்சாலும் வரல. உங்களுக்கு வந்தா அனுப்புங்க சார்."