குளவியைக் கடித்தவர்

என் வீட்டுக்காரருக்கு கரண்ட் என்றால் பயமில்லை. பூச்சி என்றால்தான் உயிர் போய்விடும். ஊரெல்லாம் ஏணி போட்டு ஏறுகிற எலக்ட்ரீஷியன், வீட்டில் ஒரு கரப்பான் ஓடினால் நாற்காலி மேல் நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுவார். டீயில் எறும்பு மிதக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பழத்தைப் பிட்டு, புழு இல்லை என்று அவர் தீர்ப்புச் சொல்வதற்குள் எனக்குப் பசியே அடங்கிவிடும்.

அப்படிப்பட்ட மனிதர் ஒயரை மட்டும் பல்லால்தான் உரிப்பார். அதற்கென்று ஒரு கட்டர் வாங்கிக் கொடுத்தேன். "பையத் திறந்து தேடுற நேரத்துல பல்லு வேலைய முடிச்சிடும்" என்பார். நானும் தலைபாடாக அடித்துக்கொண்டேன், கேட்டால்தானே.

நான் வேலை செய்யும் தையல் கூடத்தில் ஒருநாள் சுவிட்ச் போர்டு புகைந்தது. முதலாளி இவரைத்தான் வரச்சொன்னார். இவர் வந்து மெயினை அணைத்தார், போர்டைக் கழற்றினார், உள்ளிருந்த ஒயர்களை வெளியே இழுத்தார். முதல் ஒயரைப் பல்லால் உரித்துத் தொங்கவிட்டார். இரண்டாவதைக் கடைவாயில் வைத்தார். சுவருக்குள் ஒயர் போகிற குழாயில் குடியிருந்த குளவி ஒன்று அந்த ஒயரோடு ஒட்டிக்கொண்டு வந்ததை யாரும் பார்க்கவில்லை. நறுக்கென்று கடித்தார்.

வாயிலிருந்து முதலில் ஒரு இறக்கை விழுந்தது. அப்புறம் அலறல் வந்தது. கீழே கிடந்தது பாதிக் குளவிதான். மீதி எங்கே என்று கேட்டேன், தொண்டையைத் தொட்டுக் காட்டினார். சாவதற்கு முன்னால் அது நாக்கில் ஒரு கொட்டும் கொட்டியிருந்தது.

ஒரு வண்டியைப் பிடித்து ஏற்றினேன். ஏறும்போது "தண்ணி" என்றார். பாதி வழியில் அது "தண்" ஆனது. ஆஸ்பத்திரி வாசலில் வெறும் "ம்" மட்டும்தான் வந்தது. வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று பயம்.

"எது கடிச்சுது?" என்றார் டாக்டர்.

"எதுவும் கடிக்கல டாக்டர். இவருதான் கடிச்சாரு."

"எதை?"

"குளவிய."

டாக்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், ஊசி போட்டார். "வீக்கம் தொண்டைக்கு இறங்கக்கூடாது. மூச்சு முட்டினா உடனே கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அதைக் கேட்டதும் எனக்கே மூச்சு முட்டியது.

கொஞ்ச நேரம் சும்மா கிடந்தவர் திடுக்கென்று எழுந்து உட்கார்ந்தார். கண் பிதுங்க, கையை முஷ்டியாக்கி மேலே மேலே தூக்கிக் காட்டினார். மேலே போகப் போகிறேன் என்று சொல்கிறார் என்றே நினைத்தேன்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது. படுங்க" என்று அழுதேன்.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். சுவரிலிருந்த சுவிட்சைக் காட்டினார். இரண்டு கையாலும் துணியைத் தள்ளித் தைப்பதுபோல் செய்தார். மறுபடி முஷ்டியைத் தூக்கி, வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மெயின் சுவிட்சை மேலே தூக்கி கரண்ட் போட வேண்டாம் என்று யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டோம்.

பொத்தான் தைக்கிற அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, மெயினப் போட்டுட்டாங்களா?"

"முதலாளி இப்பதான் போடப் போறாரு. சரக்கு இன்னைக்கே போகணுமாம்."

"போட விடாதீங்க. உரிச்ச ஒயர் தொங்குது."

அக்கா கத்தியதில் எனக்குக் காது அடைத்தது. அப்புறம் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

"நிறுத்தியாச்சும்மா" என்றாள். குரல் உள்ளே போயிருந்தது. "அந்த ஒயரு இரும்பு மேசையத் தொட்டுக்கிட்டுக் கிடக்கு. நாங்க நாலு பேரு அதுல சாஞ்சுதான் உக்காந்திருக்கோம்."

நிறுத்திவிட்டார்கள் என்று அவரிடம் சொன்னேன். அப்படியே தலையணையில் சாய்ந்தார். அதற்குப் பிறகுதான் தனக்காகவும் பயப்பட வேண்டியிருக்கிறது என்று நினைவு வந்ததுபோல், என் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்க ஆரம்பித்தார். வீக்கம் வடிய சாயங்காலம் ஆயிற்று. அதுவரை கையை விடவில்லை.