வள்ளி கும்மிக்கு எந்தப் பைத்தான்?

இணையதளம் செய்து கொடுக்கும் தொழிலில் புதிதாகக் கட்டுவது சுலபம். ஓடிக்கொண்டிருப்பதைக் கெடுக்காமல் வைத்திருப்பதுதான் பிழைப்பு. வெர்ஷன் எண்ணைப் பார்த்தாலே பயந்துபோகும் தோழர்களே, நீங்கள் தலையாட்டுவது இங்கிருந்தே தெரிகிறது. துடியலூரில் ஒரு பேக்கரியின் மாடியில் நானும் ரியாஸும் நடத்தும் இரண்டு பேர் கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

ஊறுகாய்

மதுக்கரைப் பக்கம் வள்ளி கும்மி ஆட்டம் சொல்லித்தருகிற சிவகாமி அக்காவின் குழுவுக்கு நாங்கள்தான் தளம் செய்திருந்தோம். ஆட வருகிறவர்கள் அதில்தான் பெயர் பதிய வேண்டும். தளம் கட்டப்பட்டிருப்பது ஜாங்கோ என்ற சட்டகத்தில். அந்தச் சட்டகம் நிற்பது பைத்தான் என்ற மொழியின் மேல். எந்த ஜாங்கோவுக்கு எந்தப் பைத்தான் ஒத்துவரும் என்று அதைச் செய்தவர்களே அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். அதைப் பார்ப்பதற்கு முன்பே சண்டை போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம்.

நான் பழசுக் கட்சி. பைத்தான் 3.9 நன்றாக ஓடுகிறது, ஓடட்டுமே. ரியாஸ் புதுசுக் கட்சி; காலையில் வெளியானதை மத்தியானத்துக்குள் ஏற்றாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. 3.9க்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று அவன் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால்தான் எனக்கு எரிச்சல். கடைசியில் 3.12 என்று அரை மனதாக ஒத்துக்கொண்டேன். அப்போதும் விடாமல் சொன்னான்: "இத்தன நாளா நீங்க வெச்சிருந்தது பைத்தான் இல்லீங்கக்கா, ஊறுகாய்."

சின்ன சைசு

குழுவின் செயலாளர் பொன்னுசாமி அண்ணன். சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். "3.9ஐ 3.12ஆக மாற்றுகிறோம்" என்று நான் அனுப்பிய வாட்ஸ்அப்பைப் பார்த்துவிட்டு நேரிலேயே வந்துவிட்டார். அவர் பட்டறைக் கணக்கில் 3.9 மில்லிமீட்டர் பெரியது, 3.12 சின்னது. பெரியதைக் கழற்றிவிட்டுச் சின்னதை ஏன் மாட்டுகிறோம் என்று அவருக்குக் கவலை.

இது தசமக் கணக்கு இல்லைங்க அண்ணா, ஒன்பதுக்கு அப்புறம் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டே போவது என்று விளக்கினேன். கீழேயிருந்து தேங்காய் பன்னும் டீயும் வரவழைத்து மறுபடியும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், பிறகு படியிறங்கும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "சின்ன சைசுதான் மாட்டோணும்னா மாட்டிக்கோங்க அம்மணி, ஆட்டம் குடுக்காமப் பாத்துக்கோங்க."

சும்மா பறக்குது

அரங்கேற்றத்துக்குப் பெயர் பதிய ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கியிருந்தார்கள். அன்று சாயங்காலம் பட்டியல், எல்லாருக்கும் ஒரே நிறத்தில் சேலை நெய்து தரும் தறிக்காரருக்குப் போய்விடும். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அந்த ஒரே நிறச் சேலை கிடையாது. சேலை இல்லாதவர் வட்டத்தில் நிற்க முடியாது. மில் வேலையும் வீட்டு வேலையும் முடித்துவிட்டு வந்து, மாதக்கணக்கில் பள்ளிக்கூட மைதானத்தில் அடி பழகிய பெண்கள் அவர்கள்.

முந்தின நாள் ரியாஸ் சர்வரில் உட்கார்ந்தான். பேசி வைத்தது 3.12. அவன் ஏற்றியது, அப்போதுதான் வெளிவந்திருந்த 3.14. ஜாங்கோ ஏதோ ஒத்துக்கொண்டது. பெயர்களைச் சேமித்து வைக்கும் துணை நிரல் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. முகப்புப் பக்கம் பளிச்சென்று வந்ததும் அதோடு திருப்தியாகி வீட்டுக்குக் கிளம்பியவன், எனக்கு ஒரு செய்தியும் அனுப்பினான்: "ஏத்தியாச்சுக்கா. சும்மா பறக்குது."

சாப்ட்டீங்களா

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிவகாமி அக்கா போன் செய்தார். சாப்பிட்டேனா என்று கேட்டார். அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்தார். துடியலூரில் மழை உண்டா என்றார். நம் ஊர் மரியாதை உங்களுக்குத் தெரியாததா? வீடு தீப்பிடித்தால்கூட முதலில் சாப்பாட்டைத்தான் விசாரிப்போம். நானும் சாவகாசமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போனை வைக்கப்போகிற நேரத்தில்தான் விஷயம் வந்தது. காலையிலிருந்து ஒரு பெயர்கூடப் பதிவாகவில்லையாம். பெண்கள் எல்லாரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு மைதானத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்களாம். நான் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டேன். அக்கா குரலில் ஒரு பதற்றமும் இல்லை: "பேரு பதியற பக்கம் வெள்ளையா வருதுங்க, பாக்க நல்லாத்தான் இருக்குது. அவசரமில்லீங்க அம்மணி, பொழுது உழுகறக்குள்ள ஆனாச் சரிங்க."

மொதோ பேரு

நானும் ரியாஸும் ஓடிவந்து மாடியேறினோம்; 3.14 ஏற்றியதைப் படியிலேயே ஒப்புக்கொண்டான். அன்றைக்குத்தான் அட்டவணையை ஒன்றாகப் பார்த்தோம். ஜாங்கோவுக்கு மட்டுமல்ல, அதோடு சேர்ந்து ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும். அத்தனைக்கும் பொதுவாக ஒத்துவந்தது 3.12தான். "அப்படியே கையோட இன்னொண்ணையும்..." என்று ஆரம்பித்தவனை ஒரு முறை முறைத்தேன், அடங்கினான். ஏற்றி முடித்ததும் சோதித்துப் பார்க்க வேண்டுமே? பெயர், ஊர், ரவிக்கை அளவு எல்லாம் கேட்டது. யோசிக்க நேரமில்லாமல் என்னுடையதையே அடித்து அனுப்பினேன். பதிவானது. அடுத்த நிமிடம் மைதானத்திலிருந்து பெயர்கள் கொட்ட ஆரம்பித்தன. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரியாஸ் கீழே போய் இரண்டு பேருக்கும் பப்ஸ் வாங்கி வந்தான்.

பொழுது சாய்வதற்குள் அத்தனை பேரும் பதிந்து, பட்டியல் தறிக்காரருக்குப் போய்விட்டது. போட்ட சோதனைப் பதிவை அழிக்க வேண்டும் என்பது, தோழர்களே, உங்களைப் போலவே எனக்கும் மறந்துபோனது. அக்கா நன்றி சொல்லக் கூப்பிட்டார்: "மொதோ பேரே உங்க பேருதானுங்க அம்மணி! நீங்களும் ஆட வாரீங்கன்னு எல்லார்த்துக்கும் சொல்லிப்போட்டேன்."

அடுத்த அடி

மாம்பழ நிறச் சேலை பார்சலில் வந்தது. வேண்டாம் என்று சொல்ல மூன்று வாக்கியம் தயார் செய்துகொண்டு போனேன். எனக்காக வட்டத்தில் இடம் விட்டு நிற்கிறார்கள். அந்த இடத்தில் போய் நின்றேன், மிச்சமிருந்த நாட்களெல்லாம் பயிற்சிக்குப் போனேன்.

அரங்கேற்றத்தன்று வட்டம் சுழன்றபோது உலகமே மாம்பழ நிறத்தில் சிரித்த மாதிரி இருந்தது. எனக்கு ஓர் அடி பிடித்துவிட்டது, அதையே போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த பொன்னுசாமி அண்ணன் வீட்டம்மா என்மேல் முட்ட, அவர்மேல் அடுத்தவர் முட்ட, சிரிப்பு வட்டம் முழுக்கப் பரவியது. ஓரத்தில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ரியாஸ் சிரித்த சிரிப்பில் போன் கீழே விழுந்தது. பாடிக்கொண்டிருந்த சிவகாமி அக்கா, பாட்டை நிறுத்தாமல் நடுவிலேயே மைக்கில் சொன்னார்: "அம்மணி, பழைய அடியவே புடிச்சுட்டு நிக்காதீங்க, நாங்கெல்லாம் அடுத்ததுக்கு வந்துட்டமுங்க!"

ரியாஸ் அந்த வீடியோவை இன்னும் அழிக்கவில்லை என்பதால், இப்போதெல்லாம் வெர்ஷன் பேச்சு வந்தால் நான் சண்டைக்குப் போகாமல் நேராக அட்டவணையைத் திறந்துவிடுகிறேன்.