சொட்டச் சொட்ட ஒரு காதல் கதை

ஆங் மோ கியோ அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கு நேர் கீழ்வீட்டில் குடிவந்தவரை எனக்குப் பிடிக்காமல் போக ஒரே காரணம் மூங்கில் கழி. துணியைப் பிழிய எனக்குப் பொறுமை கிடையாது. அப்படியே கழியில் கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிடுவேன். தண்ணீர் அவருடைய வெள்ளைச் சட்டைகள்மேல் சொட்டும்.

"மேல்வீட்டம்மா! இங்க மழை பெய்யுது!"

"குடை பிடிங்க லா!" என்பேன்.

இவ்வளவோடு நின்றிருக்கும். ஆனால் நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் எழுத்தாளர் வட்டத்துக்கும் வந்து சேர்ந்தார். மதுரைக்காரர், கணினி வேலை. நான் இரண்டு வருடமாக அங்கே உட்கார்ந்திருப்பவள். ஆண்டு இறுதியில் வட்டம் போடும் தொகுப்பில் ஒரே ஒரு நாவல் அத்தியாயத்துக்குத்தான் இடம். அந்த இடம் எனக்கென்றே நினைத்திருந்தேன். பழைய செம்பவாங்கில் அடுத்தடுத்த வீட்டில் சண்டை போட்டே காதலிக்கும் இருவரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அவரும் அதே மாதிரி ஒன்றை எழுதுகிறார் என்று தெரிந்தபோது வயிறு எரிந்தது.

அவர் கதை அந்தக் காலத்துச் சிராங்கூன் சாலையில் நடந்தது. பூக்கடைப் பெண்ணும் பக்கத்துத் துணிக்கடைக்காரனும். அவள் பூவுக்குத் தெளிக்கும் தண்ணீர் பாதி அவன் வேட்டிக் கட்டுகள்மேல் விழும். கேட்டால் மூச்சுவிடாமல் சண்டைக்கு வருவாள். சிரிக்கும்போது மட்டும் வாயைப் பொத்திக்கொள்வாள். வட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன், வாயைப் பொத்திக்கொண்டு.

வீட்டுக்கு வந்தும் அந்தப் பூக்காரி விடவில்லை. தெரிந்த ஒருத்தியைப் பார்த்து எழுதியிருக்கிறார், நிச்சயம். யார் அவள்? மதுரையில் விட்டுவந்தவளா, அலுவலகத்தில் இருக்கிறாளா? எழுத்தின்மேல் இருந்த பொறாமை எப்போது அந்தப் பெண்மேல் தாவியது என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த மாதம் என் முறை. பாதி வாசிப்பதற்குள் வட்டத்தை நடத்தும் அக்கா கையைத் தூக்கினார்.

"ஒரு சந்தேகம்மா. எல்லாமே மாடியில்லாத வரிசை வீடுன்னு எழுதியிருக்க. அவ துணி காயப்போட்டா அவன் தலையில எப்படி சொட்டும்? அவன் என்ன தரைக்கு அடியிலயா குடியிருக்கான்?"

அறை முழுக்கச் சிரிப்பு. ஆறு முறை திருத்திய அத்தியாயம்! செம்பவாங் தகரக் கூரைகளுக்கு மேலே நான் என் ஆங் மோ கியோ ஜன்னலைத் தொங்கவிட்டிருந்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. காது சிவந்திருந்தது.

இடம் அவருடைய அத்தியாயத்துக்கே போனது. திரும்பும்போது மின்தூக்கியில் நாங்கள் இருவர்தான்.

"கங்கிராட்ஸ். அந்தப் பூக்காரிக்கும் சொல்லிடுங்க" என்றேன்.

"சொல்லிட்டேனே."

"எப்போ?"

"இப்பதான். அவங்க மூஞ்சிய தூக்கி வச்சிருக்காங்க."

மின்தூக்கிக் கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்தேன். தூக்கித்தான் இருந்தது.

"துணின்னு எழுதினா உடனே கண்டுபிடிச்சிருவீங்கன்னுதான் பூவா மாத்தினேன்" என்றார். "நீங்கதான் எதையும் மாத்தாம போட்டு உடைச்சிட்டீங்க."

"என் கதை கெட்டுப்போச்சு."

"கெடலைங்க. மேல ஒரு மாடி கட்டுங்க. அவனைக் கீழயே விட்டுடுங்க. பழகிட்டான்."

அவர் தளம் வந்தது. இறங்கிப் போனார். நான் என் தளத்தில் இறங்க மறந்து மேலே போய்த் திரும்பி வந்தேன்.

தொகுப்பு வந்தபோது அவர் அத்தியாயத்தைத்தான் முதலில் புரட்டினேன். நன்றாகத்தான் இருந்தது. இன்னும் எரிகிறது. ஒளிக்க அவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை துணியை நன்றாக முறுக்கிப் பிழிந்து கழியில் போட்டேன். ஒரு சொட்டு விழவில்லை. சற்று நேரத்தில் கீழ் ஜன்னல் திறந்தது.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"