அலசிய வலை

உபதேசியாரே, வேதத்தில் வரும் அந்த மீனவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று எங்களுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். இரவெல்லாம் மீன் படாமல் கரையேறியவர்களை ஆண்டவர் மறுபடி வலை போடச் சொன்னார், அவர்கள் தயங்கிவிட்டுத்தான் போட்டார்கள். நானும் இத்தனை வருஷம் அவர்களைக் குறைவாகத்தான் நினைத்தேன்.

போன மாதம் நம்ம திரேஸ்புரம் கடற்கரையில் நாங்களும் வெறும் படகோடு திரும்பினோம். வலையை அலசி முடித்த நேரத்தில் தம்பி ஓடி வந்தான். "அண்ணே, சாளை மீன் கூட்டம் நிக்குதாம். மறுபடி போவமா?"

"ஏலே, அலசுன வலையவா எறக்கச் சொல்லுத? கிறுக்கா ஒனக்கு?" என்று கத்தினேன். கத்திவிட்டு அப்படியே நின்றேன். வேதத்தில் வரும் அந்த மீனவர்களும் ஆண்டவர் கூப்பிட்டபோது வலையை அலசிக்கொண்டுதான் இருந்தார்கள். அலசிவிட்டால் எங்களுக்கு அன்றைய தொழில் முடிந்தது. இரவெல்லாம் வலை இழுத்த இடுப்பு வலியோடும் அவர்கள் ஆண்டவரிடம் 'சரி' என்றார்களே, அதுதான் விசுவாசம். வலையை மறுபடி படகில் ஏற்றினேன்.

ஞாயிறு வகுப்பில் இதை எழுந்து சொன்னேன். "ஏலே, நீ வலையப் பாரு. வேதத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமில்லை. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், வேதத்தில் ஓர் இடத்தை நானாகவே புரிந்துகொண்டேன்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள்: நான் சொன்னதில் என்ன தப்பு?