மினுங்காத கறுப்பு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று செஞ்சியில் எங்கள் தெருவே சொல்லும். ஆனால் என்னைப் பெண் பார்க்க வந்த அந்த ஐப்பசிப் பகலில் என் நைனாமேல், அதாவது என் அப்பாமேல், வந்ததைப் போல ஒரு கோபம் எனக்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. அதிலும் கொடுமை, வாயைத் திறந்து ஒரு சொல் திட்ட முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. அப்போது நான் சிங்கவரம் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு டீச்சர். அடம் பிடித்து, பட்டினி கிடந்து, டிரெயினிங் முடித்து வாங்கிய வேலை. என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாருக்கும் என்னைப் பிடித்தது, என் வேலையைத்தான் பிடிக்கவில்லை. மேல்மலையனூரில் கடை வைத்திருந்த ஒருவர் வீட்டில், "பொண்ணு வேலைய வுட்டுட்டு வந்தா நாளைக்கே தாலி" என்று சொல்லியனுப்பி, பதிலுக்குக் காத்திருந்தார்கள். அனந்தபுரத்தில் நெல் அரைக்கும் மிஷின் வைத்திருந்த இந்த மாப்பிள்ளை மட்டும்தான், வேலைக்குப் போகட்டும் என்று தரகரிடம் சொன்னவர். "இதுவும் தகையலன்னா மலையனூருக்கே சரின்னு சொல்லிடுவேன், அப்பறம் என்னைக் கேக்காத" என்று நைனா சொல்லிவிட்டார். ஆக, அந்த ஒரு பகலில்தான் என் பள்ளிக்கூடம் இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மாக்காரர் பஸ்ஸில் வந்து இறங்கினார். மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்தார். அந்த வண்டியை மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில், வேப்ப மரத்தடியில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். நான் சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஆளைச் சரியாகப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தேன். அப்படி ஒரு கறுப்பை நான் வேறெந்த வண்டியிலும் பார்த்ததில்லை. கொஞ்சம்கூட மினுக்கம் இல்லை. வெயில் அதன்மேல் விழுந்து அப்படியே உள்ளே போய்விட்டது.

நைனாவுக்கு விருந்தாளிகளிடம் பேச வராது. வாங்க என்பார், உக்காருங்க என்பார், அதோடு சரி. மற்றப் பேச்சை என் தாய்மாமனிடம் விட்டுவிட்டு, வந்தவர்களுடைய மாட்டைக் கவனிக்கப் போய்விடுவார். எங்கள் பக்கத்தில் அது பெரிய மரியாதை. வண்டி கட்டி வந்தவர்களின் மாட்டை வீட்டுக்காரனே அவிழ்த்து, தண்ணீர் காட்டி, வைக்கோல் போட்டு, உடம்பைத் தேய்த்து விடவேண்டும். மாடு வாடினால் அது வீட்டுக்காரனுக்குக் கேவலம். அன்றைக்கு வந்த வண்டிக்கு மாடு இல்லை. சும்மா இருப்பாரா மனுஷன்?

சரக் சரக்கென்று பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. இந்த நேரத்தில் யாரடா பாத்திரம் தேய்ப்பது என்று கொல்லைக் கதவைத் திறந்தேன். நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் புளி, ஒரு கையில் தேங்காய் நார், காலடியில் சாம்பல் சட்டி. மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கைத் தவலைப் பானையைத் தேய்ப்பதுபோலத் தேய்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"பாரும்மா, எவ்ளோ அழுக்கு! தொடைக்கவே மாட்டாரு போலக்குது. தேய்க்கத் தேய்க்க கறுப்பா வந்துனே இருக்குது."

அழுக்கா? வந்தது அழுக்கா? பெயிண்ட் ஐயா, பெயிண்ட்! டேங்கின் ஒரு பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கறுப்பு போய், நடுவில் செம்மண் நிறத்தில் அடிப்பூச்சு தெரிந்தது. அதைச் சுற்றி, நார் லேசாகப் பட்ட இடமெல்லாம் பளபளவென்று மின்னியது. என் வயிற்றில் புளியைக் கரைத்தது. அவர் கையிலிருந்த அதே புளி.

"நைனா, அது அழுக்கு இல்ல. வண்டியோட கலரே அதான்."

அவர் டேங்கைப் பார்த்தார், கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நார் கீழே விழுந்தது. "ஐயோ, இன்னாம்மா சொல்ற" என்றார். திட்டலாம் என்று வாயெடுத்த நான் அந்த முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். திட்ட முடியாத கோபம் போல உடம்பைத் தின்கிற வியாதி வேறு கிடையாது.

நேரே உள்ளே போய், கும்பிட்டு, நடந்ததைச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பெயிண்ட்தானே, புதிதாக அடித்துக் கொடுத்துவிடலாம். அந்த நினைப்போடு சமையலறைக்குள் வந்தபோது, மாமா கூடத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வண்டி புதுசுங்களா?"

"பழசுதாங்க" என்றார் அம்மாக்காரர். "எம் பெரிய புள்ள பட்டாளத்துல இருந்தான். மெட்ராஸ்ல ஏலத்துல எடுத்துனு வந்து, லீவுல ஊட்ல உக்காந்து அவன் கையாலயே கறுப்பு பூசினான். வெளிச்சம் பட்டா மினுங்கக் கூடாதாம், பட்டாளத்துப் பழக்கம். அந்த லீவு முடிஞ்சி எல்லைக்குப் போனவந்தான், வரல. அவன் கை பட்டதுன்னு எங்களுக்கு இருக்கறது அதான். சின்னவன் அதுமேல ஈரத்துணிகூட போட வுடமாட்டான்."

என் அம்மா ஐயோ பாவமே என்று சொன்னது கேட்டது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செத்துப்போன பிள்ளையின் கையை என் நைனா புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டார். இதை எந்த வாயால் போய்ச் சொல்வது? சொன்ன பிறகு எந்தத் தாய் இந்த வீட்டில் பெண் எடுப்பாள்? அங்காளம்மா, என்னை ஏன் இப்படிச் சோதிக்கிறாய் என்று அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அழுதால் கண் மை கலைந்துவிடும், அதற்கும் வழியில்லை.

மினுங்காத கறுப்பு. எங்கே பார்த்திருக்கிறேன், எங்கே பார்த்திருக்கிறேன் என்று மனசு அடித்துக்கொண்டது. தினமும்தான் பார்க்கிறேன்! என் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை. பலகை வெளுத்துப் போனால் பிள்ளைகளைக் கோவை இலை பறித்துவரச் சொல்வேன். அடுப்புக்கரியோடு சேர்த்து அரைத்துப் பூசினால் காய்ந்ததும் கன்னங்கரேலென்று, துளி மினுக்கம் இல்லாமல் இருக்கும்.

எங்கள் வேலியெல்லாம் கோவைக்கொடிதான். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இலையை உருவினேன். அடுப்பிலிருந்து கரியை எடுத்து, கொல்லையில் கிடந்த அம்மியில் வைத்து, கைவலி தெரியாமல் அரைத்தேன். அம்மா ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். "இன்னாடி பண்ற? பொண்ணக் கேக்கறாங்கடி!" என்றாள். டேங்கைக் காட்டினேன். தலையில் கை வைத்தவள், மறுபேச்சுப் பேசாமல் உள்ளே போய், "இன்னும் ஒரு வாய் கேசரி வெச்சிக்கணும் நீங்க" என்று உபசரிக்க ஆரம்பித்தாள். அம்மாவை நான் மெச்சிய நாள் அது.

முதல் பூச்சு பூசியதும் உயிரே போய்விட்டது. ஈரத்தில் அது எண்ணெய் தடவிய தலைபோல மின்னியது. நைனா விசிறியை எடுத்துவந்து விசிற, காய்ந்தது. காய்ந்தால் பச்சை ஓடிக்கொண்டு, சுற்றியிருந்த கறுப்பைவிட வெளுத்துத் தெரிந்தது. கரி போதவில்லை. மறுபடி கரியை அள்ளிப்போட்டு அரைத்தேன். இழுத்துப் பூசினால் கோடு விழுகிறது என்று துணியைப் பந்தாகச் சுருட்டி ஒத்தி ஒத்தி எடுத்தேன். ஓரத்தில் பழைய கறுப்பும் புதுக் கறுப்பும் சேரும் இடம் தெரியாமல் இருக்க, வெறும் கரித்தூளை விரலால் தேய்த்தேன். இரண்டாம் தடவை காய்ந்தபோது, நிழலில் நின்று பார்த்தால் ஒன்றுபோல இருந்தது. ஒரு கிளை அசைந்து வெயில் விழுந்தால் குட்டு வெளிப்பட்டது. நானும் நைனாவும் வண்டியைத் தள்ளி, அந்தப் பக்கம் கொட்டகைச் சுவரைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினோம்.

இதற்குள் ராஜகிரிக் கோட்டைக்கு மேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை வந்தால் இலைச்சாறு நிற்குமா? பள்ளிக்கூடப் பலகைகூட ஒழுகல் பட்டால் கரைந்துவிடும். அனந்தபுரம் போகிற வழியெல்லாம் வண்டி கறுப்பாக அழுதுகொண்டே போகும்.

"பொண்ண வரச் சொல்லுங்க" என்று மாமா குரல் கொடுத்துவிட்டார்.

கையைத் தேய்த்தேன், தேய்த்தேன், கோவைக்கறை போகுமா? வெற்றிலைத் தட்டை அடியில் தாங்கி, விரல்களை மறைத்துக்கொண்டு போனேன். நமஸ்காரம் பண்ணி எழுந்ததும் அம்மாக்காரர் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. அவர் அதைப் பார்த்தார்.

"இன்னா கண்ணு, கையெல்லாம் கரி?"

"அடுப்பு வேலைன்னா எங்க பொண்ணுக்கு உசுருங்க" என்று மாமா முந்திக்கொண்டார். பாவி மனுஷன், எனக்கு ஒழுங்காகச் சோறு வடிக்கக்கூடத் தெரியாது.

மாப்பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்தார். "எங்கூர்ல இருந்து காலைல பஸ் இருக்குது. செஞ்சில எறங்கி சிங்கவரம் போயிடலாம். வேலைய வுட வேணாம்." அதைக் கேட்டு நான் பூரித்திருக்க வேண்டும். எனக்கு நெஞ்சு வெடித்தது. இவ்வளவு நல்ல மனுஷனை இன்னும் சற்று நேரத்தில் இழக்கப் போகிறேன் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

சொல்லியனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். மழை இன்னும் இறங்கவில்லை. எல்லாரும் கொட்டகைப் பக்கம் வந்தோம். மாப்பிள்ளை வண்டியைப் பிடித்து வெளிச்சத்துக்குத் தள்ளினார். ஏறுவதற்கு முன், தினமும் செய்கிற பழக்கம்போல, உள்ளங்கையை டேங்கின்மேல், சரியாக நான் பூசிய இடத்தில், வைத்து ஒரு தடவு தடவினார். கையை எடுத்தார். உள்ளங்கை முழுக்கக் கறுப்பு. டேங்கில் அவருடைய ஐந்து விரலும் சிவப்பாகத் தெரிந்தது.

நைனா முன்னால் போனார். எப்போதும் பேச வராத மனுஷன்.

"தம்பி, நாந்தான் தேய்ச்சிட்டேன். மாட்டக் கழுவி வுடற மாதிரி மரியாதைக்குத் தேய்ச்சேன். அழுக்குன்னு நெனச்சேன். பொண்ணு மேல தப்பு இல்ல. அது மறைக்கறதுக்குத்தான் பாடுபட்டுது." இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

மாப்பிள்ளையின் கண் கலங்கிவிட்டது. அவர் நைனாவைப் பார்க்கவே இல்லை, டேங்கையே பார்த்துக்கொண்டு நின்றார். முடிந்தது, எல்லாம் முடிந்தது, மலையனூர்தான் என்று நினைத்தேன். நாளைக்குப் பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அம்மாக்காரர் மகனை விலக்கிவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் போனார். சிவந்த இடத்தைத் தொட்டார். விரலை முகர்ந்தார். "கோவத்தழை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, என் கையைப் பிடித்து, அந்தக் கறுத்த நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தழை நிக்காது கண்ணு. அவன் பெயிண்ட்டுல வெளக்குக் கரி கலந்துதான் பூசினான். கண்ணுக்கு மை புடிக்கற மாதிரி, தட்டக் கவுத்து வெச்சி, அவனுக்கு அந்தக் கரி புடிச்சிக் குடுத்ததே நாந்தான்." குரல் உடைந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மறுபடியும் புடிச்சித் தர்றேன். நீ வந்து பூசு."

எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. மை போனால் போகட்டும் என்று அழுதேன். அம்மாவும் அழுதாள். நைனா மட்டும் ஒன்றும் புரியாமல் மாமாவின் தோளைச் சுரண்டி, "இப்ப இன்னா சொல்றாங்க? கோவமா, இல்லியா?" என்று கேட்டார்.

தை மாதம், கல்யாணம் முடிந்து அனந்தபுரத்தில், மாமியார் கரி பிடித்துத் தர, நான் பூசினேன். எவ்வளவு பார்த்துப் பூசியும் அந்தப் பழைய கறுப்பு வரவில்லை. சாய்வெயிலில் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம் தெரியும். என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு யாரையும் அதில் கை வைக்க விடவில்லை. நைனா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் முதலில் வண்டியிடம்தான் போவார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.