தனம்மா சொன்ன சாட்சி

போன செவ்வாய்க்கிழமை நாவலூர் அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது, நம் படூர் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: பி பிளாக் தனபாக்கியம் அம்மாள் காலமானார். அதற்கு அடுத்த செய்தி, தண்ணீர் லாரி எப்போது வரும் என்பது. தனம்மா பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

படூரில் அவரை அறிந்தவர்களுக்கு அந்தச் சங்கிலி விவகாரம் நினைவிருக்கும். ஒரு வீட்டில் தங்கச் சங்கிலி காணாமல் போனது; வேலைக்கு வரும் பெண்தான் எடுத்திருப்பாள் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசினோம், நானும்தான். தனம்மா எழுந்தார். "யாரு பாத்தீங்க? பாக்காதவங்கல்லாம் வாய மூடிகினு இருங்க." அவ்வளவு கோபம் எதற்கு என்று மறுநாள் காலை நடைப்பயிற்சியில் கேட்டேன். அப்போது அவர் சொன்னது இது.

எழுபது ஆண்டுகளுக்கு முன், அவர் பதினேழு வயது மருமகள். ஒரு நாள் காலையில் அவருடைய மாமனார் வீட்டுக் கூடத்தில் வெட்டுப்பட்டுக் கிடந்தார். ஆண்கள் வெளியூர் போயிருந்தார்கள். தனம்மா கத்தியதைக் கேட்டு, கழனியில் வேலை செய்த ஏழுமலை ஓடி வந்து கிழவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டார். உயிர் இல்லை. கட்டிலை வாசலுக்குக் கொண்டுபோனதும், சாவு வீட்டு வழக்கப்படி பெண்கள் கூடத்தைக் கழுவிவிட்டார்கள். செங்கல்பட்டிலிருந்து போலீஸ் வந்தபோது, ஏழுமலையின் வேட்டியில்தான் ரத்தம் மிச்சமிருந்தது. புது மருமகள் சாட்சி சொன்னால் மானம் போய்விடும் என்று கணவரின் அண்ணன் தனம்மாவை வாய் திறக்கவிடவில்லை. ஏழுமலையைக் கோர்ட் விட்டது, ஊர் விடவில்லை. கொன்றது யார் என்று இன்றுவரை தெரியாது.

"நாந்தான் கூப்ட்டேன்னு ஒரு வார்த்த. அத்த சொல்லல நானு."

போன ஆடியில் என் காரில் அந்த ஊருக்குப் போனோம். மாமல்லபுரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே. மறுநாள் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்காகக் கோயில் வாசலில் எல்லா வீட்டு மாவையும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை வீட்டு மாவை மட்டும் அந்தக் கூடையில் இத்தனை காலமாகச் சேர்ப்பதில்லை. தனம்மா கூடையருகே நின்று, அன்று நடந்ததை உரக்கச் சொன்னார்.

"இன்னாம்மா, எல்லாம் செத்த பெறவு சாட்சி சொல்ல வன்ட்டியா?" என்றார் தர்மகர்த்தா.

"நான் இன்னும் சாவல. நான் கூப்ட்டுதான் அவரு வந்தாரு. மாவ வாங்கு."

பிறகு தர்மகர்த்தா ஒருவரிடம், "அவங்க வூட்ல போய்ச் சொல்லு" என்றார்.

சம்பவத்தன்று கைக்குழந்தையாக இருந்த ஏழுமலையின் மகள், முறத்தில் கேழ்வரகு மாவோடு வந்தார். கொட்டினார். திரும்பும்போது தனம்மா முன் நின்றார்.

"எங்கப்பன் பொணத்த தூக்கறதுக்கு நாலு பேரு வர்ல. அன்னிக்கு எங்க போயிருந்த நீ?"

பதினேழு வயது, கணவரின் அண்ணன், குடும்ப மானம். எல்லாம் எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. தனம்மா என் கையை அழுத்திப் பிடித்தார். அந்த அம்மாள் திட்டி முடித்துப் போகும்வரை தலை குனிந்து நின்றார்.

சாக்குச் சொல்லாமல் ஒருவர் நிற்பதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். தனம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது.